காலி எடை

"ஆறு மாசம். எட்டும் ஆகலாம்" என்றார் பெங்களூர் டாக்டர்
கன்னடம் கலந்த தமிழில்.
நான் கேட்ட முதல் கேள்வி:
மூணரை பஸ்ஸைப் பிடிச்சிர முடியுமா சார்?
அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முடியும் என்றார்.
அந்தக் கார்த்திகையில் எனக்குக் கிடைத்த
ஒரே நல்ல செய்தி அது.

காவேரிப்பட்டணம் தாண்டி, மாங்கூழ் ஆலைக்கு எதிரே
பத்தொன்பது வருஷமாக எடைமேடை என் வேலை.
லாரி ஏறும். எண் ஓடும், நடுங்கும், நிற்கும்.
இறக்கிவிட்டுத் திரும்பினால் காலி எடை.
கழித்தால் மாங்காய்.
டிரைவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியும்.
டூல்பாக்ஸில் கல் கிடந்தால் தெரியும்.
என் வயிற்றில் கிடந்தது மட்டும்
ஒரு வருஷம் தெரியவில்லை.

ஆள் இல்லாத ராத்திரியில்
நானே மேடை ஏறி நின்று பார்த்தேன்.
அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
அறுபது என்றது. தை முடிய அறுபது.
ஒருநாள் ஐம்பது.
நடுவில் கரைந்துபோனதை அது கண்டுகொள்ளவே இல்லை.
லாரிக்குச் செய்த கண் அதற்கு.

குணவதியிடம் அல்சர் என்றிருந்தேன்.
ரிப்போர்ட்டை ஸ்லிப் கட்டுக்கு அடியில் ஒளித்தேன்.
தெரிந்த நாலு பேர் வந்து
தைரியமா இருங்க என்றார்கள்.
எழுந்து கிளம்புகிறவர்கள்
செருப்பைத் தேடிக்கொண்டே சொல்கிற வார்த்தை அது.

கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் நாலே முக்கால் வண்டி.
மடியில் அதே பெரிய உறையோடு இன்னும் இரண்டு பேர்:
தொண்டை போன அஸ்கர் பாய்,
பேரனின் குரங்குக் குல்லாய் போட்ட பர்கூர் மாதம்மாள்.
ஒரு மாசம் பேசிக்கொள்ளவில்லை.
சூளகிரி வளைவில் பாய்க்குக் குமட்டியது.
கையில் கிடைத்த கவரை நீட்டினேன்,
என் ஸ்கேன் இருந்த கவர்.
மாதம்மாள் சிரிக்க ஆரம்பித்தவள்
ஓசூர் வரை நிறுத்தவில்லை.
சத்தமே வராமல் பாயும் சிரித்தார், கண்ணில் நீர் வழிய.

அதற்குப் பிறகு எல்லாம் பேசினோம்.
உனக்கு எதுவரைக்கும் சொன்னாங்க?
எனக்கு ஆடி.
நான் கேக்கல.
பாய் தன் பதிலை ஜன்னல் பனியில் எழுதி
உடனே துடைத்தார்.

"வீட்ல சொன்னியா?"
"இல்லக்கா."
"சொல்லாம செத்துட்டா
அந்தப் பொம்பளைக்கு உன்ன திட்டக்கூட
ஆளில்லாம போயிரும்பா."

பங்குனியில் சொன்னேன்.
மாவடுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிராமல்,
"மார்கழியிலயே பாத்துட்டேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.
கிள்ளிய வடுவை எல்லாம் முற்றத்தில் வீசினாள்.
ரெண்டு நாள் பேச்சில்லை.
மூணாம் நாள் விடியற்காலை
வடிகட்டிய ராகிக் கஞ்சித் தூக்கோடு
பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.
பாய்க்குத்தான் முதல் டம்ளர்.

சித்திரையில் ஒரு செவ்வாய் பாய் வரவில்லை.
கண்டக்டர் அந்த சீட்டை
சூளகிரி வரை யாருக்கும் கொடுக்கவில்லை.
அங்கே ஏறிய காலேஜ் பையன் உட்கார்ந்தான்.
உட்காரட்டும் என்று விட்டோம்.
கஞ்சி மிச்சமானது.

இப்போது வைகாசி. டாக்டர் சொன்ன ஆறு முடிந்தது.
ஆலை வாசலில் லாரி வரிசை,
பால் வடியும் மாங்காய் வாசம்.
அரை நாள்தான் உட்கார முடிகிறது.
ராத்திரிச் சோறு கொண்டுவந்த குணவதி
"இதுல நின்னா நம்மளக் காட்டுமா?" என்றாள்.
கையைப் பிடித்து ஏற்றினேன்.
நூற்றுப் பத்து.

"இதுல நீ எவ்ளோ, நான் எவ்ளோ?"

"அது பிரிச்சுக் காட்டாது."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
அவன் அவசரம் அவனுக்கு.
இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
இறங்கினோம்.